நட்சத்திரம் வாங்கினவன் எல்லாம் வீரனாவானா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் பற்றியவை. காரணம் தெரிந்ததுதான். அக்கா பிள்ளை ஹூஸ்டனில், பெரியம்மா மகன் நியூ ஜேர்சியில் என்று ஆகிவிட்ட பிறகு அவர்களின் பள்ளிக்கூடக் கதைகளும் தொலைபேசி வழியே எங்கள் விறாந்தைக்கு வந்துவிடுகின்றன. அதனால் துடுப்பாட்டக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இவற்றையே எடுக்கிறேன்.

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கும் என் அக்காவின் மகன் போன கிழமை கதைக்கும்போது, தன்னுடன் படிக்கும் பெடியன் ஒருவனுக்கு 'ஃபைவ் ஸ்டார்' கிடைத்துவிட்டது, பெரிய பெரிய கல்லூரிகளின் பயிற்றுநர்கள் எல்லாம் அவன் வீட்டுக்கு வந்து போகிறார்கள் என்று துள்ளினான். பதினேழு வயதுப் பெடியனுக்கு நட்சத்திரம் கொடுப்பது யார்? அதை வாங்கினவன் கட்டாயம் தொழில்முறை வீரனாகி விடுவானா?
– வாசகர், கோண்டாவில்

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது நாங்கள் துரையப்பா மைதானத்தில் பார்க்கும் உதைபந்தாட்டம் இல்லை. இரு பக்கமும் கூரான பந்தைக் கையால் எறிந்து, பிடித்து, அணைத்துக்கொண்டு ஓடி, ஓடுகிறவனை மறித்து விழுத்தும் ஆட்டம். இதில் தொழில்முறைக்குப் போகும் பாதை கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஹைஸ்கூல், பிறகு கல்லூரி, பிறகு என்.எப்.எல். என்ற தொழில்முறை லீக். ஹைஸ்கூல் முடித்து மூன்று வருடம் ஆகாதவனை என்.எப்.எல். தொடவே தொடாது. அந்த மூன்று வருடத்தை எங்கே கழிப்பது என்ற கேள்விதான் கல்லூரிகளுக்கிடையே இவ்வளவு பெரிய போட்டியாகிறது.

நட்சத்திரம் கொடுப்பது அரசாங்கமும் இல்லை, விளையாட்டுச் சங்கமும் இல்லை. ரைவல்ஸ், 247ஸ்போர்ட்ஸ், ஈ.எஸ்.பி.என். போன்ற நிறுவனங்கள். அவர்களுடைய ஆட்கள் ஹைஸ்கூல் போட்டிகளின் வீடியோக்களைப் பார்க்கிறார்கள், பயிற்சி முகாம்களுக்குப் போய் உயரம், எடை, கையின் நீளம், ஓடும் வேகம் என்று அளக்கிறார்கள், கல்லூரிப் பயிற்றுநர்களுடன் கதைத்து யாருக்கு யார் இடம் கொடுக்க நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்கிறார்கள், பிறகு இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று போடுகிறார்கள். 247ஸ்போர்ட்ஸ் ஒரு வருடத்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுப்பது 32 பேருக்கு. ஏன் 32? என்.எப்.எல்லில் இருப்பது 32 அணிகள், கல்லூரி வீரர்களை அணிகள் எடுக்கும் டிராஃப்ட் எனப்படும் வருடாந்தத் தெரிவில் முதல் சுற்றில் அணிக்கு ஒருவராக 32 இடம். ஆக, அந்த ஐந்து நட்சத்திரத்தின் பொருள் "இவன் இன்றைக்குச் சிறந்தவன்" என்பதல்ல. "இன்னும் மூன்று நாலு வருடத்தில் இவன் முதல் சுற்றில் போவான் என்று நாங்கள் நினைக்கிறோம்" என்பது.

அந்த நினைப்பு எவ்வளவு பலிக்கிறது? ஐந்து நட்சத்திரக்காரரில் ஏறக்குறைய பாதிப்பேர் டிராஃப்டின் ஏழு சுற்றுகளில் ஏதோ ஒன்றில் எடுக்கப்படுகிறார்கள். பாதிதானா என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ.யின் கணக்குப்படி, கல்லூரியில் ஆடி முடிக்கும் கால்பந்து வீரர்களில் டிராஃப்ட் ஆகிறவர்கள் 1.6 வீதம். 1.6 எங்கே, பாதி எங்கே! 2011இல் ஹைஸ்கூல் வீரர்களில் முதலாம் இடம் என்று எல்லோரும் சொன்ன ஜடேவியன் கிளவ்னி 2014 டிராஃப்டிலும் முதலாவதாகத்தான் போனார். மைல்ஸ் கரட்டும் அப்படித்தான், ஐந்து நட்சத்திரத்துடன் கல்லூரிக்குப் போய் 2017இல் முதலாவது. ட்ரெவர் லோரன்ஸ் 2021இல் முதலாவது.

மற்றப் பாதி என்ன ஆகிறது என்றால், அதற்கு ஒரு காரணம் இல்லை. முழங்கால் போகிறது. போன இடத்தில் அதே இடத்துக்கு இன்னும் இரண்டு ஐந்து நட்சத்திரக்காரர் நிற்கிறார்கள். பயிற்றுநர் மாறிவிடுகிறார், புதிதாக வந்தவருக்கு வேறு மாதிரியான ஆள் வேண்டும். சிலர் பதினாறு வயதிலேயே முழு ஆளாக வளர்ந்து முடித்தவர்கள், அவர்கள் சிறுவர்களுக்கு எதிராக ஆடும்போது பூதம் மாதிரித் தெரிந்தார்கள், எதிரே நிற்கிறவர்களும் வளர்ந்த பிறகு அந்த வித்தியாசம் கரைந்துவிட்டது. உங்கள் மருமகனிடம் சொல்லுங்கள், அவனுடைய சிநேகிதனுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது, மற்ற எவருக்கும் இல்லாத அளவுக்கு இருக்கிறது. ஆனால் இன்றைக்கே அவனுடைய படத்தில் கையெழுத்து வாங்கி வைக்கும் அளவுக்கு இல்லை.

கேள்வி: என்.எப்.எல்லில் பெரிய பெயர் எடுத்தவர்களைப் பாருங்கள். ஜே.ஜே. வாட்டுக்கு இரண்டு நட்சத்திரம். ஆரன் டொனால்டுக்கு மூன்று. ஜோஷ் அலனைப் பள்ளிக்கூடம் முடிக்கும்போது ஒரு பெரிய கல்லூரியும் கூப்பிடவில்லை. என்.எப்.எல். இறுதிப் போட்டியான சுப்பர் போல் ஆடும் அணிகளை எடுத்துப் பார்த்தால் ஐந்து நட்சத்திரக்காரரை விட மூன்று நட்சத்திரக்காரர்தான் கூட. அப்படியென்றால் இந்தத் தரப்படுத்தல் முழுப் பொய்தானே?
– வாசகர், நெல்லியடி

பதில்: நீங்கள் சொன்ன தகவல் எல்லாம் சரி. முடிவுதான் பிழை. இந்தப் பிழையைப் படித்தவர்களும் செய்கிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று கதைப்போம்.

ஒரு பேச்சுக்கு, நீங்கள் கறுத்தக்கொழும்பான் ஒட்டுக்கன்று பத்து வாங்கி நடுகிறீர்கள். ஆறு நன்றாகக் காய்க்கிறது. ஊரில் வேலியோரம், கிணற்றடி, கோடி என்று கொட்டையில் முளைத்த மாங்கன்றுகள் ஐந்நூறு நிற்கின்றன. அதில் முப்பது நல்ல பழம் தருகிறது. திருநெல்வேலிச் சந்தைக்கு வரும் நல்ல பழத்தில் பெரும்பங்கு கொட்டைமரத்துப் பழம்தான். அதைப் பார்த்துவிட்டு "ஒட்டுக்கன்றால் பிரயோசனம் இல்லை" என்று ஒருவர் சொன்னால் நீங்கள் ஒத்துக்கொள்வீர்களா? நாளைக்கு ஒரு கன்று நட வேண்டுமென்றால் எதை வாங்குவீர்கள்?

ஐந்து நட்சத்திரம் வருடத்துக்கு முப்பது சொச்சம் பேர். மூன்று நட்சத்திரம் ஆயிரத்துக்கும் மேல். டிராஃப்டில் எடுபடுகிறவர்கள் மொத்தம் 257 பேர் அளவில். முப்பது பேரும் எடுபட்டாலும் மிச்ச இடங்களை நிரப்ப வேறு ஆள் வேண்டுமே. கூட்டம் பெரிதாக இருக்கிற இடத்திலிருந்துதான் ஆளும் கூட வரும். ஆனால் தனி ஒருவனுடைய வாய்ப்பு என்று பார்த்தால் ஒவ்வொரு நட்சத்திரம் இறங்கும்போதும் அது மளமளவென்று குறைகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

சரி, அப்படியென்றால் அலனையும் வாட்டையும் எப்படித் தவறவிட்டார்கள்? எனக்கு இந்தப் பகுதிதான் மிகவும் பிடிக்கும், ஏனென்றால் ஒவ்வொருவர் தவறிப்போனதற்கும் ஒவ்வொரு காரணம் இருக்கிறது.

ஜோஷ் அலன் கலிபோர்னியாவில் ஃபயர்போ என்ற சின்ன ஊரில், பருத்தியும் முலாம்பழமும் விளையும் தோட்டக் குடும்பத்தில் வளர்ந்தவர். முகாம் முகாமாக அலைந்து ஆட்களின் கண்ணில் படும் வாழ்க்கை இல்லை. ஹைஸ்கூலில் மெலிந்த பெடியன். ரீட்லி என்ற இரண்டு வருடக் கல்லூரியில் சேர்ந்து, அங்கே உடம்பு வைத்த பிறகு, நாடு முழுக்க இருக்கும் பயிற்றுநர்களுக்கெல்லாம் தானே மின்னஞ்சல் அனுப்பினார். அதற்குப் பிறகுதான் வயோமிங் பல்கலைக்கழகம் கூப்பிட்டது. 2018 டிராஃப்டில் ஏழாவதாக பஃபலோ பில்ஸ் அணி எடுத்தது, 2024 பருவத்தின் மிகப் பெறுமதியான வீரர் விருதும் கிடைத்தது. ஒரு தோட்டக்காரப் பெடியன் கணினிக்கு முன்னால் இருந்து ஒவ்வொரு முகவரியாகத் தட்டிக்கொண்டிருப்பதை நினைத்துப் பாருங்கள். அந்த மின்னஞ்சல்களில் பெரும்பாலானவற்றை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை.

கம் வார்ட் கதை வேறு. 2025 டிராஃப்டில் முதலாவது இடம் அவருக்கு. ஹைஸ்கூலில் பூச்சியம் நட்சத்திரம். அவர் படித்த பள்ளிக்கூடம் பந்தை எறிந்து ஆடாமல், கொடுத்து ஓடவிட்டு ஆடும் பழைய முறையில் ஆடியது. பந்து எறிவதுதான் குவாட்டர்பாக்கின் வேலை, எறிய விடாதவனின் எறிதலை யார் எப்படி அளப்பது? இன்கார்னேட் வேர்ட் என்ற சின்னப் பல்கலைக்கழகம் ஒன்றுதான் இடம் கொடுத்தது. அங்கிருந்து வாஷிங்டன் ஸ்டேட், பிறகு மயாமி, பிறகு முதலாவது இடம்.

வாட் தவறிப்போனது, அவர் ஆட வேண்டிய இடத்தில் ஆடாததால். பந்து பிடிக்கும் 'டைட் எண்ட்' என்ற இடத்துக்காக சென்ட்ரல் மிச்சிகனில் எடுத்தார்கள். அதை விட்டுவிட்டு, கையில் இருந்த புலமைப்பரிசிலையும் விட்டுவிட்டு, விஸ்கொன்சினுக்குத் தானாக வந்து நின்றார். இப்படிப் புலமைப்பரிசில் இல்லாமல் வந்து சேருகிறவர்களை 'வோக்-ஒன்' என்பார்கள். இடையில் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்தார். விஸ்கொன்சினில் தற்காப்புப் பக்கம் மாற்றப்பட்ட பிறகு 2011இல் பதினோராவதாகப் போய், ஆண்டின் சிறந்த தற்காப்பு வீரர் விருதை மூன்று தடவை வாங்கினார்.

ஆரன் டொனால்டில் பிழைத்தது அளவுநாடா. தற்காப்பு வரிசையின் நடுவில் நிற்பவன் மலை மாதிரி இருக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். இவர் 6 அடி 1 அங்குலம். மற்ற இடத்தில் அது உயரம், அந்த இடத்தில் கட்டை. அவரும் மூன்று தடவை அதே விருது.

இவற்றைப் பார்த்தால், தரப்படுத்துகிறவர்கள் கண் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களால் பார்க்க முடிந்ததை நன்றாகவே பார்க்கிறார்கள். வேகமாக ஓடுகிறவன், உயரப் பாய்கிறவன், இவர்களைப் பதினேழு வயதிலேயே கண்டுபிடித்துவிடலாம். 120 கிலோவில் நிற்கும் பெடியன் நாலு வருடம் கழித்து 140 கிலோவுடன் கால் வேகம் குறையாமல் நிற்பானா என்பதை எந்த வீடியோவும் காட்டாது. வேலி அடைத்து நிற்கும் முன்வரிசைக்காரர்களைத் தரப்படுத்துவது கஷ்டம் என்பது இதனால்தான். இன்னொன்றும் உண்டு. அலபாமா மாதிரி ஒரு பெரிய கல்லூரி ஒருவனுக்கு இடம் கொடுத்தால் அவனுடைய நட்சத்திரமும் ஏறத்தான் பார்க்கும், "அவர்களே கேட்கிறார்கள், எதையோ கண்டிருப்பார்கள்" என்ற நினைப்பில். அது பல நேரம் சரியாகவும் இருக்கிறது.

கேள்வி: தொழில்முறை வீரர்களை உருவாக்குவதில் எந்தக் கல்லூரி முதலிடம்? மகன் ஜோர்ஜியா என்கிறான், நான் அலபாமா என்கிறேன்.
– வாசகர், மானிப்பாய்

பதில்: எண்ணிக்கையில் மகனுக்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. 2022 டிராஃப்டில் ஜோர்ஜியாவிலிருந்து 15 பேர். டிராஃப்ட் ஏழு சுற்றாக வந்த பிறகு ஒரே கல்லூரியிலிருந்து அத்தனை பேர் எடுபட்டது அதுதான் கூடியது. அதில் ஐந்து தற்காப்பு வீரர்கள் முதல் சுற்றிலேயே. உங்களுக்கும் ஆதாரம் உண்டு. நிக் சேபன் 2007 முதல் 2023 வரை பயிற்றுநராக இருந்த காலத்தில் அலபாமா ஆறு தேசியக் கிண்ணம் எடுத்தது, 2021இல் முதல் சுற்றில் மட்டும் ஆறு பேரை அனுப்பியது.

ஆனால் "உருவாக்குவது" என்ற சொல்லை வைத்து ஒரு கேள்வி. எங்கள் ஊரில் சந்திக்குச் சந்தி ரியூசன் விளம்பரப் பலகை நிற்கிறது. மருத்துவ பீடத்துக்குப் போன பிள்ளைகளின் படம் வரிசையாக, கீழே "எமது மாணவர்கள்". அந்தப் பிள்ளை ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேல் நாற்பது புள்ளி எடுத்த பிள்ளை என்பதும், அதே நேரம் இன்னும் மூன்று இடத்துக்கு வகுப்புக்குப் போன பிள்ளை என்பதும் பலகையில் இருக்காது. நல்ல பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்த பாடசாலையிலிருந்து நல்ல பெறுபேறு வருவதில் அதிசயம் இல்லை. வெட்டுப்புள்ளிக்குக் கீழே இருந்த இருபது பிள்ளைகளைக் கொண்டு ஒரு கிராமத்துப் பாடசாலை ஐந்து பேரைப் பல்கலைக்கழகம் அனுப்பினால், அங்கே யாரோ ஒரு ஆசிரியர் இரவு பகலாக உழைத்திருக்கிறார் என்று பொருள்.

அதே கணக்கை இங்கேயும் போட வேண்டும். உள்ளே வந்தது எது, வெளியே போனது எது.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தை எடுங்கள். பணம் உண்டு, பெயர் உண்டு, மாநிலம் முழுக்க வீரர்கள். ஆட்சேர்ப்புத் தரவரிசையில் வழக்கமாக முதல் பத்துக்குள் வந்துகொண்டிருந்த கல்லூரி. 2014 டிராஃப்டில் அங்கிருந்து ஒருவர்கூட எடுபடவில்லை. 1937க்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. நட்சத்திரம் உள்ளே வந்தது, வெளியே போகவில்லை.

மறுபக்கம் அயோவா. கேர்க் ஃபெரன்ஸ் 1999 முதல் அங்கே தலைமைப் பயிற்றுநர். அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் மூன்று நட்சத்திரக்காரர், சோளத் தோட்டத்துப் பெடியங்கள். டலஸ் கிளார்க் அங்கே வோக்-ஒன்னாக வந்தவர், வேறு இடத்தில் ஆடிக்கொண்டிருந்தவரை டைட் எண்டாக மாற்றினார்கள், 2003இல் முதல் சுற்றில் போனார். ஜோர்ஜ் கிட்டில் 2017இல் 146வது ஆளாகப் போய் என்.எப்.எல்லின் மிகச் சிறந்த டைட் எண்டுகளில் ஒருவரானார். 2019இல் ஹொக்கன்சன், ஃபன்ட் என்று ஒரே கல்லூரியின் இரண்டு டைட் எண்டுகள் ஒரே முதல் சுற்றில். முன்பு எந்தக் கல்லூரிக்கும் அப்படி அமைந்ததில்லை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் அதை அதிர்ஷ்டம் என்று தள்ள முடியாது. எப்படிச் சாப்பிடுவது, எப்படி எடை தூக்குவது, எந்த ஆளை எந்த இடத்துக்கு மாற்றுவது என்று அங்கே தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

அதற்காக ஜோர்ஜியாவை வெறும் பொறுக்கி எடுக்கும் இடம் என்று சொல்லிவிடவும் முடியாது. 2022இல் முதல் சுற்றில் போன அந்த ஐந்து பேரில் ஒருவரான ஜோர்டன் டேவிஸ் மூன்று நட்சத்திரத்துடன் வந்தவர். 2021, 2022 இரண்டு பருவமும் அவர்களுக்குக் கிண்ணம் எடுத்துக் கொடுத்த குவாட்டர்பாக் ஸ்டெட்சன் பெனட் வோக்-ஒன். என்னைக் கேட்டால், எண்ணிக்கைக்கு மகன் வென்றார், நீங்கள் தேநீர் போட்டுக் கொடுக்கலாம். கற்றுக்கொடுப்பதற்கு நான் அயோவாவைச் சொல்வேன்.

கேள்வி: உங்கள் பகுதியில் அமெரிக்கக் கதை வருகிறது, எனக்கு வீட்டுக் கதை. மகனுக்குப் பதினான்கு வயது. பாடசாலையில் பதினைந்து வயதுக்குட்பட்ட துடுப்பாட்ட அணியில் எடுக்கவில்லை, ஆள் சின்னது என்றார்களாம். சாப்பிடாமல் கிடக்கிறான், மட்டையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டான். விட்டுவிடு, படி என்று சொல்லவா?
– தாய் ஒருவர், சாவகச்சேரி

பதில்: சொல்லாதீர்கள் அம்மா. இப்போது சொல்லாதீர்கள்.

நான் பல வருடம் ஒரு பாடசாலையில் அந்த வயது அணியைப் பார்த்துக்கொண்டவன். தெரிவு நாளில் ஒரு நீலமட்டைக் கொப்பியில் பெயர்களை எழுதி, பிடித்த பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் புள்ளடி போடுவேன். ஒரு வருடம் மீசை அரும்பிய பெடியன் ஒருவன் பனைப் பக்கமிருந்து ஓடி வந்து போட்ட பந்தில் மூன்று பேர் மட்டையைத் தூக்கவே இல்லை. அவனுக்கு இரண்டு புள்ளடி. அதே நாளில், தொப்பி காதுவரை இறங்கிய ஒரு சின்னப் பெடியன் இடக்கையால் சுழற்பந்து போட்டான். பந்து மறுமுனைக்குப் போய்ச் சேரவே நேரம் எடுத்தது. நான் பெயரைக்கூட எழுதவில்லை.

அந்தச் சின்னவன் வீட்டுக்குப் போகவில்லை. பயிற்சி முடிந்து மற்றவர்கள் சைக்கிள் எடுத்த பிறகு மாட்டிங்கைச் சுருட்ட உதவுவான், அதற்கு முன் ஒற்றை விக்கெட்டைக் குத்திவிட்டுத் தனியாகப் பந்து போடுவான். ஒருநாள் கையைப் பிடித்துப் பார்த்தேன். சுட்டுவிரலின் பக்கத்தில் தையல் உரசி உரசித் தோல் கழன்று, அதற்கு மேல் பிளாஸ்டர், பிளாஸ்டருக்கு மேல் மண். அப்படியிருந்தும் நான் அவனை எடுக்க இன்னும் ஒரு வருடம் ஆனது. மீசைக்காரன் பதினான்கு வயதில் இருந்த உயரத்திலேயே நின்றுவிட்டான், மற்றவர்கள் எட்டிப் பிடித்ததும் வருவதை நிறுத்திக்கொண்டான். சின்னவன் முதல் அணியில் மூன்று பருவம் ஆடினான். அவனை வெளியே நிறுத்தி வைத்த அந்தக் காலத்துக்கு நான்தான் பொறுப்பு. இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.

உயரம் இல்லாமல் ஆகாத இடங்கள் உண்டு, மறைக்க மாட்டேன். எங்கள் ஈவினையைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் 6 அடி 10 அங்குல உயரத்துடன் வலையடியில் நின்று உலகக் கிண்ண வலைப்பந்தாட்டத்தில் செய்ததை வேறு ஒருவர் பழகிச் செய்ய முடியாது. ஆனால் துடுப்பாட்டத்தில் பதினான்கு வயது உயரம் தீர்ப்பு இல்லை. பிறந்த மாதத்தையும் பாருங்கள். வயதுப் பிரிவின் கடைசி மாதங்களில் பிறந்தவன் தன்னை விடப் பத்து மாதம் மூத்தவனுடன் போட்டி போடுகிறான், அந்த வயதில் பத்து மாதம் என்பது பெரிய வித்தியாசம்.

பயிற்றுநரிடம் போய் "ஏன் எடுக்கவில்லை" என்று கேட்க வேண்டாம். "அணியில் இல்லாவிட்டாலும் பயிற்சிக்கு வரலாமா" என்று கேளுங்கள். ஆம் என்றால் அனுப்புங்கள். இல்லை என்றால் உங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தில் பெரியவர்களுடன் மாலையில் விடுங்கள், பந்து பொறுக்கவாவது விடட்டும். மட்டையை நீங்களாக எடுத்துக் கொடுக்காதீர்கள், அவனே எடுக்கட்டும். படிப்பு ஒரு பக்கம் நடக்கத்தான் வேண்டும். இரண்டு வருடம் கழித்தும் மட்டை கட்டிலுக்குக் கீழேயே இருந்தால் அப்போது எழுதுங்கள், வேறு கதை கதைப்போம்.

கேள்வி: டிராஃப்ட்டை இங்கே எத்தனை மணிக்குப் பார்க்கலாம்?
– வாசகர், காரைநகர்

பதில்: ஏப்ரல் கடைசியில் மூன்று நாள் நடக்கும். முதல் சுற்று அங்கே வியாழன் இரவு எட்டு மணி, எங்களுக்கு வெள்ளி அதிகாலை ஐந்தரை. இரண்டாம், மூன்றாம் சுற்று சனி அதிகாலை நாலரை. மிச்ச நாலு சுற்றும் சனி இரவு ஒன்பதரையிலிருந்து, நள்ளிரவு தாண்டிப் போகும். ஐந்து நட்சத்திரக்காரரைப் பார்க்க வேண்டுமென்றால் வெள்ளி விடியப்புறம் எழும்புங்கள். ஆனால் இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்றான டொம் பிரேடி 2000இல் 199வதாகப் போனது ஆறாம் சுற்றில். புரொக் பர்டி 2022இல் 262வது, அதாவது கடைசி ஆள், 2023 பருவத்தில் தன் அணியை சுப்பர் போலுக்குக் கொண்டுபோனார். நான் சனி இரவுக்குத்தான் இருப்பேன்.